கணவாய்க்கு வைத்த அளவு

பஸ் கம்பெனி பணிமனையில் இருபத்து மூன்று வருடமாக டீசல் பம்ப் பார்த்தவரைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவர் திரும்பிப் பார்க்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். எல்லாருக்கும் அவர் பம்ப்புக்காரர். பணிமனையின் பின்கோடியில், தூசி புகாதபடி இரட்டைக் கதவு போட்ட சின்ன அறை அவருடையது. அங்கே ஒரு டெஸ்ட் பெஞ்ச், அதன் தலைமாட்டில் வரிசையாக ஆறு கண்ணாடிக் குழாய்கள். கழற்றி வந்த பம்ப்பை பெஞ்சில் ஏற்றி ஓடவிட்டால் ஆறு குழாயிலும் டீசல் ஏறும். ஆறும் ஒரே மட்டத்தில் நிற்கிறவரை அந்த பம்ப் அறையைவிட்டு வெளியே போகாது. மேலதிகாரி வந்து வாசலில் நின்று கத்தினாலும் போகாது.

அளவு சரியானதும், அளவைக் கூட்டிக் குறைக்கிற ஸ்க்ரூவுக்கும் அதன் லாக் நட்டுக்கும் மெல்லிய கம்பி கோத்து, நுனியில் ஈயக் குண்டு வைத்துக் குறடால் அமுக்குவார். ஈயத்தில் பதினாலு என்ற எண் பதியும்; அதுதான் அவருடைய சீல். அந்தக் குறடு கம்பெனியிலேயே அவர் ஒருவரிடம்தான் இருந்தது. "பதினாலு இருந்தா பாக்க வேண்டியதில்ல" என்று மெக்கானிக்குகள் பேசிக்கொள்வார்கள். அவர் காதில் விழும்படி பேசினால் காது கேட்காதவர் மாதிரி இருப்பார். ஆனால் அன்றைக்கு முழுக்க விசிலடித்துக்கொண்டே வேலை பார்ப்பார்.

அவருக்குக் கூடப்பிறந்தவள் ஒரே ஒரு தங்கை. பன்னிரண்டு வயது இளையவள். அப்பா அம்மா இருவரும் அடுத்தடுத்துப் போய்விட, அவளைப் பள்ளிக்கூடம் அனுப்பியது, காய்ச்சல் என்றால் தோளில் தூக்கிக்கொண்டு ஓடியது, கல்யாணம் பண்ணி வைத்தது எல்லாம் அவர்தான். மாப்பிள்ளையும் அதே கம்பெனியில் டிரைவர். வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் கண்ணாடியைத் திருப்பித் தலையை வாரிக்கொண்டு, தொண்டையைக் கனைத்து, "எல்லாரும் கெட்டியா புடிச்சுக்குங்க, மேல ஏறப் போறோம்" என்று அறிவிப்பான். அதனால் அவனுக்கு 'பைலட்' என்று பேர் விழுந்துவிட்டது. வீட்டிலும் தங்கை அவனை அப்படித்தான் கூப்பிடுவாள், கோபமாக இருக்கும்போது தவிர.

அந்த வருடம் மழைக்காலம் முடிந்ததும் கம்பெனி பைலட்டைக் கணவாய் ரூட்டுக்கு மாற்றியது. காலையில் சமவெளியில் கிளம்பி, நாலாயிரம் மீட்டர் உயரத்துக் கணவாயைத் தாண்டி, அந்தப் பக்கத்து ஊரில் இறங்கவேண்டிய ரூட். கொடுத்த வண்டியோ கம்பெனியிலேயே வயதான வண்டி. டர்போ கிடையாது, ஒன்றும் கிடையாது. இருக்கிற காற்றை இழுத்துக்கொண்டு ஓடுகிற பழைய டீசல் இன்ஜின்.

"மேல போகப் போகக் காத்து மெலிஞ்சுடும் மாப்ள" என்றார் பம்ப்புக்காரர். "கீழ குடிக்கிற டீசலையே அங்கயும் குடுத்தா எரிக்கிறதுக்குக் காத்து எங்க இருக்கு? பாதி எரியும், பாதி கரும்புகையா போகும். புகை போனாலும் பரவால்ல. சூடு ஏறும். ஏறிக்கிட்டே இருந்தா பிஸ்டன் தலை மெழுகு மாதிரி உருகிடும்."

"அப்ப டீசலைக் குறைக்கணுமா? குறைச்சா இழுவை போயிடுமே மச்சான்!"

"மேல இருக்கிற காத்துக்கு என்ன இழுவை உண்டோ அதுதான் உண்டு. நாம கேட்டா குடுக்குமா?"

பெஞ்சில் ஓரளவு குறைத்துவிட்டு, மீதியைப் பாதையிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலி பஸ்ஸை எடுத்துக்கொண்டு இருவரும் மலை ஏறினார்கள். பம்ப்புக்காரர் பின்சீட்டில் உட்கார்ந்து, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் புகைக்குழாயையே பார்த்துக்கொண்டு வந்தார். புகை கறுக்கும் இடத்தில் தட்டுவார். பைலட் நிறுத்துவான். பானெட்டைத் திறந்து, சீல் கம்பியை வெட்டி, லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூவை அரைக்கால் சுற்று வெளியே எடுப்பார். மறுபடி ஏற்றம். மறுபடி புகை. மூன்று இடத்தில் நிறுத்தினார்கள். மூன்றாவது இடத்தில் காற்று காதை அறுத்தது. சாம்பல் நிறத்தில் லேசான புகை மட்டும் வந்தது. "இது போதும்" என்றார். பஸ் இரண்டாவது கியரில் முனகிக்கொண்டு, கட்டைவண்டி வேகத்தில், ஆனால் சூடு ஏறாமல் கணவாயைத் தொட்டது.

அங்கே வைத்துத்தான் பைலட் கேட்டான்.

"எது மச்சான் அந்த ஸ்க்ரூ? சும்மா காட்டுங்க. தொடமாட்டேன்."

பம்ப்புக்காரருக்கு அன்று மனசு நிறைந்திருந்தது. தன் வேலையை ஒருவன் கண்ணகலப் பார்ப்பது அவருக்கு எப்போதாவது கிடைக்கிற சுகம். காட்டினார். விரலைப் பிடித்து அதன் மேல் வைத்தார். "உள்ள திருகினா கூடும், வெளிய எடுத்தா குறையும். இதுல கை வைக்கிறவன் கைய ஒடிப்பேன்" என்று சொல்லிவிட்டு, மஞ்சள் பெயின்ட்டால் ஸ்க்ரூவிலிருந்து நட்டு வரைக்கும் ஒரு கோடு இழுத்து, கம்பி கோத்து சீல் வைத்தார். பைலட் சல்யூட் அடித்தான். இருவரும் சிரித்தார்கள்.

ஒரு மாதம் ஒழுங்காகப் போனது. பிறகுதான் பேச்சு கிளம்பியது.

மேலே சரியாக ஏறுகிற வண்டி கீழே சமவெளியில் சோதாவாக இருந்தது. குறைத்து வைத்த டீசல் கீழேயும் குறைவுதானே. எதிர்க் கம்பெனியின் புது பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டிப் போயின. செங்கல் ஏற்றிய டிராக்டர் ஒன்று தாண்டிய நாளில் பயணிகள் கைதட்டினார்கள். ஒரு மேட்டில் கல்லூரிப் பையன்கள் நாலு பேர் இறங்கி, பஸ்ஸோடு கூடவே நடந்து, மேட்டின் உச்சியில் வந்து காத்திருந்து மறுபடி ஏறினார்கள். "பைலட் சார், இறக்கை எங்க வெச்சுட்டு வந்தீங்க?" என்று ஒருவன் கேட்டான். எல்லாரையும் சிரிக்கவைத்தே பழகியவனுக்குத் தன்னைப் பார்த்துச் சிரித்ததைத் தாங்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தான்.

தங்கைதான் அண்ணனைத் தேடி வந்தாள்.

"கொஞ்சம் கூட்டி வெச்சுக் குடுண்ணே. ஊரே கேலி பண்ணுது. ராத்திரியெல்லாம் தூங்கறதில்ல அவரு."

"தூங்காட்டி பரவால்ல. வண்டி கணவாயில நின்னா என்ன பண்ணுவ?"

"நீ ஒண்ணும் ஆகாத அளவுக்கு வெய்யேன்! உனக்குத் தெரியாததா?"

"தெரிஞ்சதாலதான் மாட்டேங்கிறேன்."

"எல்லாத்துக்கும் பயம் உனக்கு. சின்ன வயசுல என்னை சைக்கிள்கூட ஓட்ட விடல நீ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். தேநீரைக்கூடத் தொடவில்லை. அவர் மனைவி, "தங்கச்சி கேட்டா நிலாவையே இறக்கிக் குடுக்கிற ஆளு, இதுக்கு மட்டும் என்ன இவ்வளவு பிடிவாதம்?" என்றாள். சொல்லிப் புரியவைக்கப் பம்ப்புக்காரருக்கு வராது. டீசலும் காற்றும் சேர்ந்தால் இவ்வளவுதான் என்பது அவருக்குக் கணக்கு. மற்றவர்களுக்கு அது அவருடைய குணம்.

அது நடந்து மூன்றாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, பைலட்டின் பஸ் கணவாய்க்குச் சற்று முன்னால் நின்றுபோனது. முப்பத்தொரு பயணிகள். மதியம் ஒரு மணி. ஆலங்கட்டியும் பனியும் கலந்து அடித்துக்கொண்டிருந்தது. ஏற்றம் ஆரம்பித்ததிலிருந்தே பின்னால் கரும்புகை தள்ளியதாகப் பிறகு எல்லாருமே சொன்னார்கள். திடீரென்று இன்ஜினுக்குள் சம்மட்டியால் அடித்த மாதிரி ஒரு சத்தம், அதோடு சரி. போனில் சிக்னல் இல்லை. மேலே வருகிற வண்டியும் இல்லை, பாதையை மூடப்போவதாகக் கீழே அறிவித்துவிட்டிருந்தார்கள். கைக்குழந்தையோடு இருந்த ஒருத்திக்குத் தன் கனத்த கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, எல்லாரையும் நெருக்கி உட்காரச் சொல்லிவிட்டு, பைலட் நடந்தான். ஒன்பது கிலோமீட்டர் கீழே சாலைப் பணியாளர் முகாம் இருந்தது. நாலரை மணிக்கு அங்கே போய்ச் சேர்ந்தான். விஷயத்தைச் சொன்னான். எத்தனை பேர், எந்த வளைவு என்று தெளிவாகச் சொன்னானாம். பனி தள்ளும் வண்டி கிளம்பியதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, அடுப்புப் பக்கத்தில் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்தவன் சரிந்துவிட்டான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே உயிர் போய்விட்டது.

முப்பத்தொரு பேரும் பிழைத்தார்கள்.

மறுநாள் பைலட் வீட்டு வாசலில் கூட்டம் தாங்கவில்லை. பஸ்ஸில் இருந்தவர்கள் பாதிப்பேர் வந்திருந்தார்கள். அந்தக் கோட்டை வாங்கிப் போட்டுக்கொண்டவள் குழந்தையோடு வந்து சுவரோரம் நின்று விசும்பிக்கொண்டிருந்தாள். பம்ப்புக்காரர் உள்ளே நுழைந்ததும் தங்கை எழுந்தாள். ஓடி வந்து கட்டிக்கொண்டு அழுவாள் என்றுதான் அவர் கையை நீட்டினார்.

"நீதாண்ணே வெச்ச அந்த பம்ப்பை!" என்று கத்தினாள். "நீதானே வெச்ச! உன் கைதானே! இப்ப பாரு, நல்லா பாரு!"

வாசல் வரைக்கும் சத்தம் கேட்டது. தெருவில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். பம்ப்புக்காரரின் நீட்டிய கை அப்படியே நின்றது. தங்கையின் ஒன்பது வயது மகள், மாமா வந்தால் பையைத் துழாவுகிற குழந்தை, அம்மாவின் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. யாரோ அவர் தோளைப் பிடித்து வெளியே கூட்டிப்போனார்கள். அடக்கம் முடிகிறவரை அவர் கூட்டத்தின் கடைசியில்தான் நின்றார்.

வீட்டுக்கு வந்து தன் பதிவு நோட்டை எடுத்துப் பார்த்தார். தேதி, வண்டி எண், அளவு எல்லாம் அவர் கையெழுத்தில் சரியாகத்தான் இருந்தது. இருந்தாலும் நம்பிக்கை வரவில்லை. அந்த மூன்றாவது நிறுத்தத்தில் கை விறைத்திருந்ததே, நட்டைச் சரியாக இறுக்கினோமா? ஆட்டத்தில் தளர்ந்து உள்ளே போயிருக்குமோ? விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனைவி தட்டை வைத்தாள், எடுத்தாள். சோறு அப்படியே இருந்தது.

மூன்றாம் நாள் பாதை திறந்தது. விசாரணைக்குப் பொறுப்பான பணிமனை இன்ஜினியர் அவரையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு மேலே போனார். நல்ல மனுஷர், வாய் கொஞ்சம் அதிகம். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார்.

"உங்க தங்கச்சிக்கு கம்பெனியில வேலை குடுக்கிறதா பேசிக்கிறாங்க. குவார்ட்டர்ஸும் அவங்களுக்கே விட்டுடுவாங்க. டிரைவர் மேல தப்பு இல்லைன்னு ரிப்போர்ட் வரணும், அவ்வளவுதான். அவன் மேல என்ன தப்பு வரப்போகுது? சாமி மாதிரி மனுஷன்."

"தப்புன்னு வந்தா?" என்றார் பம்ப்புக்காரர்.

"வந்தா ஒண்ணும் கிடையாது. வீட்டையும் காலி பண்ணச் சொல்லுவாங்க. சட்டம் அப்படி."

பஸ் பனிக்குள் பாதி புதைந்து, மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது. இன்ஜினியர் சுற்றிச்சுற்றிப் படமெடுத்தார். பிறகு வளைவுக்கு அப்பால் பாதையின் சரிவை அளக்கவேண்டும் என்று டேப்பை எடுத்துக்கொண்டு, ஜீப் டிரைவரையும் கூட்டிக்கொண்டு போனார். "நீங்க பம்ப்பைக் கழட்டி வையுங்க, நான் வந்துடறேன்."

பம்ப்புக்காரர் பானெட்டைத் தூக்கினார். முதலில் கை போனது சீல் இருக்குமிடத்துக்குத்தான்.

சீல் இல்லை.

கம்பியும் இல்லை. லாக் நட்டின் விளிம்பு, அளவு பொருந்தாத ஸ்பேனரைப் போட்டுத் திருகியதில் மழுங்கியிருந்தது. ஸ்க்ரூவில் இருந்த மஞ்சள் கோடு ஒரு பக்கம் பார்க்க, நட்டில் இருந்த கோடு வேறு பக்கம் பார்த்தது. முக்கால் சுற்றுக்கு மேல் உள்ளே போயிருந்தது.

முதலில் அவருக்கு வந்தது நிம்மதி. அதைப் பிறகு நினைத்து நினைத்து வெட்கப்பட்டார். நான் இல்லை, என் கை இல்லை என்று உடம்பெல்லாம் ஒரு லேசு பரவியது. அதன் பின்னாலேயே கோபம் வந்தது. அடப்பாவி, சொன்னேனேடா, காது கொடுத்துக் கேட்டாயா என்று பனியைப் பார்த்துச் சத்தமாகவே கேட்டார். அதற்கப்புறம்தான் அவருடைய விரலே அவருக்கு ஞாபகம் வந்தது. பைலட்டின் விரலைப் பிடித்து இதே ஸ்க்ரூவின் மேல் வைத்த விரல். யார் கேட்டார்கள் அன்றைக்கு இவ்வளவு பெருமையாகக் காட்டச் சொல்லி?

நேரம் அதிகமில்லை. ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்கே திருப்பிவிடலாமா என்று யோசித்தார். திருப்பினால் பம்ப் சரியாக இருக்கும். ஆனால் கரும்புகையை முப்பத்தொரு பேர் பார்த்திருக்கிறார்கள். பம்ப் சரியென்றால், புகை தள்ளத் தள்ள வண்டியை மிதித்துக் கொன்றவன் டிரைவர் என்று ஆகும். அதுவும் அவன் தலையில்தான் விடியும். யாராவது ஒருவர் தப்பு செய்திருந்தே ஆகவேண்டும்.

துணியை டீசலில் நனைத்து மஞ்சள் பெயின்ட்டைத் துடைத்தார். நட்டை அப்படியே இறுக்கினார். பையிலிருந்து கம்பியை எடுத்துக் கோத்தார். விரல் உணர்வில்லாமல் இரண்டு முறை தவறிப்போனது. ஈயக் குண்டை வைத்துக் குறடால் அமுக்கினார். பதினாலு பதிந்தது. புது ஈயம் பளபளத்தது, கரியைத் தொட்டு அதன் மேல் பூசினார். இன்ஜினியர் கை வீசிக்கொண்டு திரும்பி வந்தபோது அவர் பம்ப்பின் கடைசி போல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

பணிமனையில் பெஞ்சில் ஏற்றியபோது ஆறு குழாயிலும் டீசல் விறுவிறுவென்று ஏறிக் கோட்டைத் தாண்டியது. இன்ஜினியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இது கீழ் ரூட்டுக்கே அதிகமாச்சே! கணவாய்க்கா இப்படி வெச்சீங்க?"

"ஆமா சார்."

"நோட்டுல வேற அளவு இருக்கு."

"அதுக்கப்புறம் இழுவை பத்தலன்னாங்க. வண்டியிலேயே வெச்சுத் திருகினேன். எழுதல."

"வண்டியில வெச்சுத் திருகற ஆளா நீங்க?" இன்ஜினியர் அவர் முகத்தையே பார்த்தார். பம்ப்புக்காரர் குழாய்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். "யோசிச்சுச் சொல்லுங்க. நான் எழுதினா எழுதினதுதான்."

"எழுதுங்க சார்."

அது முழுப் பொய்யும் இல்லை என்று அவர் தனக்குள் சொல்லிக்கொண்டார். அப்படிச் சொல்லிக்கொண்டது அன்றைக்கு ஒருநாள் உதவியது.

வேலை போயிற்று. குறடை மேசைமேல் வைத்துவிட்டு ரசீது வாங்கிக்கொண்டு வந்தார். வயதையும் வேலையில் இருந்த காலத்தையும் பார்த்துப் போலீசுக்குப் போகாமல் விட்டார்கள், அதையே பெரிய தயவாகச் சொன்னார்கள். பைலட்டின் படத்தைப் பெரிதாக்கிப் பஸ் நிலையத்தில் மாட்டினார்கள். அந்த வழியாகப் போவதை அவர் விட்டார். கடைத்தெருவில் தெரிந்தவர்கள் எதிரே வந்தால் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்கள். பணிமனையில் ஒருவன் ஏதாவது வேலையைக் கெடுத்தால், "என்னடா, பதினாலு வெச்சுட்டியா?" என்று கேட்கிற வழக்கம் வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டார். அதைச் சொன்னவன் வருத்தப்படுகிற மாதிரிதான் சொன்னான்.

மனைவியிடமும் அவர் உண்மையைச் சொல்லவில்லை. அவள் வாயில் எதுவும் தங்காது. தங்கை மேல் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தாள். "அத்தனை பேர் முன்னால உங்கள நிக்க வெச்சுக் கேட்டாளே, அவளை நான் வாசப்படி மிதிக்க விடமாட்டேன்" என்றாள். இன்னொரு நாள் வேறு மாதிரி கேட்டாள்: "நெஜமாவே நீங்கதான் அப்படி வெச்சீங்களா?" ஆமாம் என்றார். அவள் கொஞ்ச நேரம் அவரைப் பார்த்துவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். அந்த நாளுக்குப் பிறகு அவருக்காகச் சண்டை போடுவதை நிறுத்திக்கொண்டாள்.

ஊருக்கு வெளியே ஜெனரேட்டர் ரிப்பேர் செய்யும் தகரக் கொட்டகை ஒன்றில் வேலை கிடைத்தது. பெஞ்ச் கிடையாது, தூசி புகாத அறை கிடையாது. கரும்புகை போனாலும் யாரும் கேட்கமாட்டார்கள், விளக்கு எரிந்தால் போதும். ஏழு மாதம் ஓடியது.

ஒரு மதியம், சாப்பாட்டு வேளையில், கொட்டகை வாசலில் தங்கை வந்து நின்றாள். கம்பெனி டிக்கெட் கவுன்ட்டரில் கொடுத்த சீருடையோடு வந்திருந்தாள். இளைத்துப்போயிருந்தாள். சீருடைத் தோள் ஒரு பக்கம் தொங்கியது. அவர் டப்பாவை மூடிவிட்டு எழுந்தார். உட்காரச் சொல்ல ஒரு பழைய டயர்தான் இருந்தது. அதைத் துடைத்துவிட்டார்.

"வேலையை நிரந்தரமாக்கறதுக்குக் கையெழுத்து வாங்கினாங்கண்ணே" என்றாள். "ஃபைல்ல அந்த ரிப்போர்ட் இருந்துச்சு. படிச்சுப் பாத்தேன்."

அவர் டயரைத் துடைத்த துணியை மடித்தார்.

"சீல் உடையாம இருந்துச்சுன்னு எழுதியிருக்கு. பதினாலாம் நம்பர் சீல். முழுசா இருந்துச்சாம்."

"ஆமா."

"எப்படி இருந்திருக்கும்?" அவள் குரல் தணிந்துவிட்டது. "அதை வெட்டினது எனக்குத் தெரியுமே. நான்தான் டார்ச் புடிச்சேன். விடிகாலையில, வீட்டு வாசல்லயே. என் நெகவெட்டியிலதான் கம்பிய நறுக்கினாரு. ஈயத்தை சாக்கடையில போட்டாரு. 'உங்கண்ணன் காட்டிக் குடுத்ததுதான், எனக்குத் தெரியும்'னாரு."

உள்ளே யாரோ ஜெனரேட்டரை ஓட்டிப் பார்த்தார்கள். அது அடங்கியதும்தான் அவள் தொடர்ந்தாள்.

"அவரு வேண்டாம்னுதாண்ணே இருந்தாரு. உங்கிட்ட வந்துட்டுப் போனேன்ல, அன்னிக்கு வீட்டுக்குப் போய் நான்தான் சொன்னேன். எங்கண்ணன் பயந்தாங்கொள்ளி, நீங்களே பண்ணிக்குங்க, இதுக்கா ஒருத்தர் கால்ல விழறதுன்னு. மூணு வாரமா சொன்னேன். ரோஷம் வர்ற மாதிரி சொன்னேன்."

பம்ப்புக்காரர் டயரில் உட்கார்ந்துவிட்டார். அவள் உட்காரவேயில்லை.

"அப்ப அன்னிக்கு வாசல்ல..." என்று ஆரம்பித்தார்.

"உன்னைச் சொல்லலேன்னா என்னைச் சொல்லியாகணுமேண்ணே" என்றாள். "அவரை உள்ள கொண்டு வந்து படுக்க வெச்சாங்க. கால் ரெண்டும் கறுத்துப் போயிருந்துச்சு. யாராவது ஒருத்தரைச் சொன்னாத்தான் என்னால மூச்சு விட முடியும்னு இருந்துச்சு. நீ உள்ள வந்த."

அவருக்கு அழுகை வரவில்லை. ஏழு மாதமாக அவர் சுமந்தது ஒரு ரகசியம், தங்கையிடமிருந்து மறைத்துக் காப்பாற்றுகிற ரகசியம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். அவள் அதன் மறுபாதியை வைத்துக்கொண்டு டிக்கெட் கிழித்துக் கொண்டிருந்திருக்கிறாள்.

"குட்டிக்குத் தெரியுமா?" என்றார்.

"தூங்கிட்டிருந்தா. அப்பா பம்ப்பை மாமா கெடுத்துட்டாருன்னுதான் அவளுக்குத் தெரியும்."

"சரி."

"நான் போய்ச் சொல்லிடட்டுமாண்ணே? இன்ஜினியர் சார்கிட்ட?"

அவர் யோசித்தார். யோசிக்காத மாதிரி காட்டிக்கொள்ளவில்லை, நிஜமாகவே யோசித்தார். இரட்டைக் கதவு போட்ட அறையை யோசித்தார். கடைத்தெருவை யோசித்தார். பிறகு சொன்னார்.

"சொன்னா உனக்கு வேலை போகும், வீடு போகும். மாப்ள படத்தை இறக்குவாங்க. எனக்கு ஒண்ணும் திரும்பி வராது. சீல் மாத்தி வெச்சதுக்குத் தனியா கேஸு போடுவாங்க. வேண்டாம்."

"நெஜமாவாண்ணே?"

"வேண்டாம்னு சொல்லிட்டேன்ல."

அவள் தலையை ஆட்டினாள். அவள் இன்னொரு தடவை கேட்பாள், இல்லை நான் சொல்லத்தான் போகிறேன் என்று ஒரு வார்த்தையாவது சண்டை பிடிப்பாள் என்று அவர் காத்திருந்தார். அப்போதும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார். ஆனாலும் காத்திருந்தார். அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ரெண்டு மணிக்கு கவுன்ட்டர் திறக்கணும்" என்றாள்.

"பஸ் எத்தனை மணிக்கு?"

"ஒண்ணே காலுக்கு ஒண்ணு இருக்கு."

நிறுத்தம் வரைக்கும் கூட நடந்தார். வெயில் சுள்ளென்று அடித்தது. வழியில் அவள் அவருடைய சட்டைப் பொத்தான் ஒன்று அறுந்திருப்பதைச் சொன்னாள். அண்ணியிடம் சொல்லித் தைத்துக்கொள்கிறேன் என்றார். அண்ணி என்றதும் இருவரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்தவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள், ஏதோ சொன்னாள். இன்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை. அவரும் கேட்ட மாதிரி கையை ஆட்டினார்.

அதற்குப் பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாதிரி அவள் கொட்டகைக்கு வருவாள். ஏதாவது சாப்பிடக் கொண்டுவருவாள். குழந்தையின் படிப்பைப் பற்றிச் சொல்வாள். அந்தப் பேச்சை மட்டும் இருவரும் எடுக்கவில்லை. குழந்தையை அவள் ஒருபோதும் கூட்டிவரவில்லை. அவரும் கூட்டிவா என்று கேட்கவில்லை. ஒருமுறை கடைத்தெருவில் எதிரே பார்த்தார், நெடுநெடுவென்று வளர்ந்திருந்தாள், அப்பாவின் நெற்றி. மாமாவை அடையாளம் தெரிந்துகொண்டு, தோழியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வேகமாக எதிர்ப்பக்கம் கடந்துபோனாள். அவர் ஒரு கடையின் நிழலில் ஒதுங்கி, அவள் தெரு முனையில் திரும்புகிறவரை நின்றுவிட்டு, வாங்க வந்த சாமானை வாங்காமலே வீட்டுக்கு நடந்தார்.